சரிவில் நின்ற பெட்டகம்: வெள்ளவத்தையில் ஓர் உராய்வு நிகழ்வு ஆய்வு

நடந்தது

கடந்த வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிலிருந்து இன்னோர் ஒழுங்கைக்கு வீடு மாறினோம். நடந்து போனால் பத்து நிமிடம். ஆனால் சாமான் ஏற்றிய வண்டி காலி வீதிக்கு ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கடற்கரைப் பக்கமாக இறங்கவேண்டும். ஒரு பட்டா லொறியைப் பிடித்தால் நான்கு தடவையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். நான்காவது தடவையில் கடைசிச் சாமானாக அம்மம்மாவின் பெட்டகம் இருந்தது.

சாவகச்சேரி வீட்டிலிருந்து வந்த தேக்கம் பெட்டகம். மூன்றடி நீளம், பித்தளைப் பூட்டுத் தகடு, மூடியைத் திறந்தால் இன்னமும் பழைய பட்டுச் சேலை மணம். அடியில் நான்கு பக்கமும் ஒரு சட்டம் ஓடும். பெட்டகத்தின் முழுப் பாரமும் அந்தச் சட்டத்தில்தான் நிற்கும். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பிறகும் பேசவேண்டி வரும்.

லொறியின் பின்தட்டைத் திறந்து, அதில் ஓர் எட்டடிப் பலகையைச் சாய்த்தோம். லொறிக்கார அண்ணன் எப்போதும் கொண்டு திரிகிற பலகை அது. இரண்டு தடித்த பலகைகளைச் சேர்த்து ஆணியடித்தது. நான், மச்சான், லொறிக்காரர் மூவருமாகப் பெட்டகத்தை மெல்ல இழுத்து நீளவாக்கில் பலகையில் விட்டோம். பின்விளிம்பு லொறித் தட்டைக் கடந்து, முழுப் பெட்டகமும் பலகைக்கு வந்ததும் கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தோம். அது அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது.

"நிக்குது தானே அத்தான். ஆடக்கூட இல்லை. வாங்கோ, குடிச்சிட்டு வந்து இறக்குவம்" என்றார் மச்சான்.

நின்றது உண்மைதான். கிட்டத்தட்ட கால் மணித்தியாலம், எவருடைய கையும் படாமல், நடுச் சரிவில் அப்படியே நின்றது. எங்களுக்குத் தைரியம் தந்தது அந்தக் கால் மணித்தியாலம்.

திரும்பி வந்தபோது பெட்டகத்தின் கீழ்முனை பலகையின் இடது ஓரத்துக்கு மிகவும் கிட்ட நிற்பதைக் கண்டேன். அப்படியே இறக்கினால் ஓரத்தால் விழுந்துவிடும். கேற் இருக்கிற வலது பக்கமாக நாலு விரல் அளவு நகர்த்தினால் போதும். மச்சான் பலகையின் அடியில் நின்றுகொண்டார். நான் பக்கவாட்டில் நின்று, கீழ்முனையில் இரண்டு கையையும் கொடுத்து வலப்பக்கமாகத் தள்ளினேன். கீழ்நோக்கித் தள்ளவில்லை. இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான் தங்கியிருக்கிறது: நான் தள்ளியது சரிவுக்குக் குறுக்காக மட்டும்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கூட்டித் தள்ளினேன். மரத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கீழ்முனை வலப்பக்கம் திரும்பியது. திரும்பும்போதே கோணலாகக் கீழே இறங்கியது. நான் கையை எடுத்த பிறகும் இறங்கிக்கொண்டே போனது. மச்சான் காலை இழுப்பதற்குள் முன்சட்டம் அவருடைய கணுக்காலில் பட்டு, அப்புறம் சீமெந்துத் தரையில் மோதி நின்றது. சட்டத்தின் முன்துண்டு பிளந்து தனியாகக் கழன்று வந்தது. கணுக்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு கிழமை அவர் நொண்டித்தான் நடந்தார்.

அன்று சொன்ன காரணங்கள்

காலையில் தூறல் விழுந்ததால் பலகை ஈரமாகிவிட்டது என்றார் லொறிக்காரர். ஆனால் பலகை தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. தொட்டுப் பார்த்தபோது காய்ந்துதான் இருந்தது. மாமி நாவூறு என்றார். பின்னேரம் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டார். உள்ளே இருந்த பித்தளைச் சாமான்களை முன்னமே எடுத்திருக்க வேண்டும், பாரம் கூடிப்போய்விட்டது என்று நான் சொன்னேன்.

மூன்றிலும் ஆகப் பிழையானது நான் சொன்னதுதான். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். சரிவில் ஒரு பொருள் வழுக்குமா நிற்குமா என்பதை அதன் பாரம் தீர்மானிப்பதில்லை. பாரம் கூடினால் கீழே இழுக்கும் கூறு கூடும். பலகையை அழுத்தும் கூறும் அதே விகிதத்தில் கூடும். உராய்வின் எல்லையும் அதே விகிதத்தில் கூடும். மூன்றும் சேர்ந்து கூடுவதால் முடிவு மாறாது. இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் கணுக்கால் வீங்கின மனுசர் பக்கத்தில் இருக்கும்போது வாயில் வந்தது "பாரம் கூடிப்போச்சு" என்பதுதான். அன்றிரவே இதை ஒழுங்காக அளந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

அளந்தது

பலகையை லொறிக்கார அண்ணனிடம் ஒரு கிழமைக்குக் கேட்டு வாங்கினேன். பிளந்த சட்டத் துண்டு என்னிடம் இருந்தது. பெட்டகம் எந்த மரத்தால், எந்த முகத்தால் பலகையைத் தொட்டதோ அதே மரம், அதே முகம். அதை இரண்டாக அறுத்து, இணைத்து, ஒரு சின்னச் சறுக்குக் கட்டையாக்கி, மேலே இரண்டு செங்கற்களை வைத்துக் கட்டினோம். 'கட்டினோம்' என்பது நானும் வகுப்புப் பிள்ளைகள் நால்வரும். அடுத்த ஞாயிறு காலை, எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில்.

பெட்டகத்துக்குப் பதிலாக இரண்டு செங்கல் போதுமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. போதும் என்று நம்புவதற்கு 1699 ஆம் ஆண்டிலிருந்தே ஆதாரம் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த அமொன்தொன் அந்த ஆண்டில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குச் சொன்ன இரண்டு விதிகளை இன்றும் வகுப்பில் படிக்கிறோம்: உராய்வு அழுத்தும் விசைக்கு விகிதசமமானது, தொடும் பரப்பில் அது தங்கியிருப்பதில்லை. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டாவின்சி இதைத் தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தார். அவை வெளிவராததால் விதி அமொன்தொன் பெயருக்குப் போனது. விகிதம்தான் தேவை என்றால் செங்கல் போதும்.

முதல் அளவு நிகழ்விடத்தினுடையது. லொறித் தட்டுக்கும் பலகையின் அடிக்கும் உயர வித்தியாசம் 70 சென்ரிமீற்றர். ஒழுங்கையே கடல் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருப்பதால், மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து எடுத்தேன். பலகை 240 சென்ரிமீற்றர். அப்படியானால் கிடைத் தூரம் 229.6. சரிவு 17 பாகை. உயரத்தைக் கிடைத் தூரத்தால் வகுத்தால் 0.305. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அளவு: கட்டையைப் பலகையில் வைத்து, ஒரு முனையை மெதுவாக உயர்த்திக்கொண்டு போனோம். எந்த உயரத்தில் அது தானாக வழுக்குகிறது? ஐந்து தடவை செய்ததில் 88 இலிருந்து 95 சென்ரிமீற்றர் வரை வந்தது, சராசரி 92. விகிதம் 0.415. இதுதான் நிலையியல் உராய்வுக் குணகம்: நிற்கும் பொருளை உராய்வு எவ்வளவு வரை பிடித்துவைக்கும் என்று சொல்லும் எண்.

மூன்றாவது அளவு கொஞ்சம் பொறுமை கேட்டது. பலகையை ஓர் உயரத்தில் வைத்து, கட்டையை விரலால் மெல்லத் தட்டி நகர்த்திவிட வேண்டும். நகர்ந்தது சற்றுத் தூரத்தில் நின்றுவிட்டால் இன்னும் உயர்த்த வேண்டும். வேகமெடுத்து ஓடினால் தாழ்த்த வேண்டும். ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும் உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் போனது. 56 சென்ரிமீற்றர். விகிதம் 0.24. இது இயக்கவியல் உராய்வுக் குணகம், நகரும் பொருளுக்கான அதே எண்.

மூன்று எண்களையும் கரியால் சுவரில் எழுதினோம்: 0.24, 0.305, 0.415. நடந்தது என்னவென்று பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எங்கள் பலகையின் சரிவு இரண்டு குணகங்களுக்கும் நடுவில் இருந்தது. அந்த இடைவெளிக்குள் ஒரு சரிவு அமைந்தால், அதில் நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும்; நகரத் தொடங்கிய பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுமே அதே பலகையில், அதே பெட்டகத்துக்குச் சரி. கால் மணித்தியாலம் நின்றது என்பதால், அசைந்தாலும் நின்றுவிடும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்கு எந்த அடிப்படையும் இருக்கவில்லை.

எவ்வளவு தேவையோ அவ்வளவு

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். நிலையியல் உராய்வில் பிள்ளைகள் விடுகிற பிழைகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது.

மேசையில் ஒரு பெட்டி. குணகமும் செவ்வன் மறுதாக்கமும் (பெட்டியை மேசை செங்குத்தாகத் தாங்கும் விசை) தரப்பட்டிருக்கும். பெட்டியை 5 நியூற்றனால் இழுக்கிறோம், அது அசையவில்லை. உராய்வு விசை யாது? உடனே இரண்டையும் பெருக்கி 20 நியூற்றன் என்று எழுதிவிடுவார்கள். 5 ஆல் இழுக்கும் பெட்டியை 20 ஆல் உராய்வு பின்னுக்கு இழுத்தால், பெட்டி பின்னாலே ஓடவேண்டும் அல்லவா? விடை 5. இழுக்காமல் விட்டால் விடை பூச்சியம். பெருக்கி வருகிற 20 உராய்வின் எல்லை மட்டும். அதற்கு மேல் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த எல்லைக்குள் எவ்வளவு கேட்கிறோமோ அவ்வளவுதான் அது தரும், எந்தத் திசையில் கேட்கிறோமோ அந்தத் திசையில் தரும்.

திசை என்கிற இரண்டாவது பாதியைப் பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் தொடுவதில்லை. எல்லாம் ஒரே கோட்டில் நடக்கும்: முன்னே இழுப்பது, பின்னே பிடிப்பது. பெட்டகம் எங்களுக்குக் காட்டியது மற்ற அச்சை.

பெட்டகத்தின் திணிவை அளந்தேன். குளியலறைத் தராசை ஒரு முனைக்குக் கீழும், அதே உயரத்தில் ஒரு கட்டையை மறு முனைக்குக் கீழும் வைத்து வாசித்து, அப்புறம் இடம் மாற்றி வாசித்தேன். 31 உம் 29 உம். மொத்தம் 60 கிலோகிராம். நிறை ஏறத்தாழ 589 நியூற்றன். 17 பாகைச் சரிவில் இதன் கீழ்நோக்கிய கூறு 172 நியூற்றன். செவ்வன் மறுதாக்கம் 563. எல்லை உராய்வு 234.

அதாவது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கால் மணித்தியாலமும் உராய்வு பெட்டகத்தை 172 நியூற்றனால் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் தரக்கூடியது 234. மிச்சம் எவ்வளவு?

வகுப்பில் இதைக் கேட்டபோது பலர் 62 என்றார்கள். 234 இலிருந்து 172 ஐக் கழித்திருந்தார்கள். நான் கீழ்நோக்கித் தள்ளியிருந்தால் அது சரி. இரண்டொருவர் 234 என்றார்கள்: பக்கவாட்டுக்கும் கீழ்நோக்குக்கும் தொடர்பில்லை, ஆகவே பக்கவாட்டுக்கு முழு உராய்வும் இருக்கிறது என்ற எண்ணம். அதுவும் சரியில்லை. உராய்வு ஒரே ஒரு விசை. மேல்நோக்கி 172 ஐயும் பக்கவாட்டில் என் தள்ளுகைக்கு எதிரானதையும் அந்த ஒரே விசைதான் ஏற்கவேண்டும். இரண்டும் செங்குத்தாக இருப்பதால் பைதகரஸ் தேற்றப்படி சேரும்: 234 இன் வர்க்கத்திலிருந்து 172 இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 159 நியூற்றன். 16 கிலோ பாரத்தைத் தூக்கும் விசை அவ்வளவுதான். வளர்ந்த ஆள் ஒருவர் இரண்டு கையையும் கொடுத்தால் யோசிக்காமலே அதைத் தாண்டிவிடுவார்.

எனக்கு 159 கூடத் தேவைப்படவில்லை. அந்த எண் பெட்டகத்தின் நடுவில் தள்ளுவதற்கு. நான் தள்ளியது ஒரு முனையில். நீளமான சீரான தடி ஒன்றை மட்டமான தரையில் கிடத்தி, நடுவில் தள்ளினால் எல்லை உராய்வு முழுவதையும் வெல்ல வேண்டும். நுனியில் குறுக்காகத் தள்ளினால் அதில் ஏறத்தாழ 41 வீதம் போதும், தடி ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கிவிடும். பெட்டகம் மெல்லிய தடியைப் போல இல்லை என்பதால் அதே 41 இங்கே வராது. ஆனாலும் நடுவில் தேவைப்படுவதைவிட முனையில் குறைவாகத்தான் தேவைப்படும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் தனியாளாக ஒரு பெரிய மரப்பெட்டியை நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். நேரே தள்ளமாட்டார்கள். ஒரு மூலையைத் திருப்பி, மறு மூலையைத் திருப்பி, பெட்டியை நடக்கவைப்பார்கள். மட்டமான தெருவில் அது அருமையான கெட்டித்தனம். சரிவில் நான் தெரியாமல் செய்தது அதையேதான்.

பக்கமாகத் தள்ளியது கீழே போனது ஏன்

மச்சான் இன்றுவரை என்னிடம் கேட்கிற கேள்வி இது. "நீங்கள் பக்கத்துக்குத் தானே தள்ளினீங்கள் அத்தான், பிறகு ஏன் அது என்னட்டை வந்தது?"

நிற்கும்வரை உராய்வின் திசையைத் தீர்மானிப்பது பொருளின் நாட்டம். பெட்டகம் கீழே போக நாடியது, உராய்வு மேலே பிடித்தது. நகரத் தொடங்கியதும் அந்த ஒழுங்கு மாறிவிடும். இனி உராய்வு பார்ப்பது ஒன்றைத்தான்: பொருள் எந்தத் திசையில் போகிறது? அதற்கு நேர் எதிரே அது நிற்கும். பெட்டகம் வலப்பக்கமும் கீழுமாகக் கோணலாக அசைந்தவுடன், அதுவரை பெரும்பாலும் மேல்நோக்கியிருந்த உராய்வு கோணலாகத் திரும்பியது. அதில் ஒரு பகுதி பக்கவாட்டில் செலவாகிவிட்டது. மேல்நோக்கிப் பிடிக்க 172 நியூற்றன் வேண்டும். நகரும்போது குறைந்துபோன உராய்வில் மேல்நோக்கி மிஞ்சியது கிட்டத்தட்ட 99.

இந்தத் திசைமாற்றம் மட்டும் நடந்து, உராய்வின் அளவு குறையாமல் இருந்திருந்தால், நான் தள்ளும்வரை பெட்டகம் கோணலாக இறங்கி, கையை எடுத்ததும் நின்றிருக்கும். நாலு விரலோ ஆறு விரலோ கீழே வந்திருக்கும், அவ்வளவுதான். நிற்காமல் போனதற்குக் காரணம் அளவும் சேர்ந்து விழுந்தது. 234 வரை தாங்கியது, நகர்ந்ததும் 135 ஆகிவிட்டது. கையை எடுத்த பிறகு பக்கவாட்டு அசைவு அடங்கி, பெட்டகம் நேரே கீழே போகத் தொடங்கியது; உராய்வு மறுபடி முழுக்க மேல்நோக்கித் திரும்பியது. ஆனால் இப்போது அதனிடம் இருந்தது 135 தான். கீழே இழுப்பது 172. மிச்சம் 37 நியூற்றன், தடையில்லாமல் கீழ்நோக்கி.

37 நியூற்றன் பெரிய விசை கிடையாது. நாலு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் கை அதைத் தடுத்துவிடும். பெட்டகம் அசைந்த அந்தக் கணத்தில் மச்சானின் கை அதில் இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கை இருக்கவில்லை. அது தானாக நிற்கும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். 60 கிலோவுக்கு 37 நியூற்றன் என்றால் ஆர்முடுகல், அதாவது கதி கூடும் வீதம், ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 0.61 மீற்றர். அடிவரை இருந்தது 1.4 மீற்றர். இரண்டு செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அது அடிக்கு வந்தபோது கதி செக்கனுக்கு 1.3 மீற்றர். சாதாரணமாக நடக்கும் ஆளின் கதி. அந்தக் கதியில் வரும் 60 கிலோவை ஐந்து சென்ரிமீற்றருக்குள் நிறுத்த ஆயிரம் நியூற்றனுக்கு மேல் வேண்டும். மச்சானின் கணுக்காலும் சீமெந்துத் தரையும் சேர்ந்து கொடுத்தது அதைத்தான். நினைக்க இன்னமும் மனம் பதறுகிறது. அவர் குனிந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் கணக்குப் போடவில்லை.

பக்கத்தில் அசைத்து மேலும் கீழுமான பிடியை விடுவிப்பது நாம் தினமும் செய்கிற காரியம். விரலில் இறுகிய மோதிரத்தை நேரே இழுக்காமல் திருகித் திருகி எடுக்கிறோம். சுவரில் ஏறிய ஆணியைக் குறட்டால் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இழுக்கிறோம். சுழற்றும்போது உராய்வு சுழற்சிக்கு எதிரே திரும்பிவிடுகிறது. வெளியே இழுப்பதைத் தடுக்க அதனிடம் கொஞ்சம்தான் மிஞ்சும்.

மழை நாளில் காலி வீதியில் பஸ் சறுக்குவதும் இதே கணக்கு. சில்லு ஒழுங்காக உருளும்வரை, தார் வீதியைத் தொடும் இடத்தில் டயர் சறுக்குவதில்லை. அந்த ஒரு கணத்துக்கு அது வீதியோடு சேர்ந்து நிற்கிறது. ஆகவே பஸ்ஸை நிறுத்துவதும் திருப்புவதும் நிலையியல் உராய்வு. பிரேக்குக்கு ஒரு பங்கு, திருப்பத்துக்கு ஒரு பங்கு, இரண்டும் செங்குத்தாக, அதே பைதகரஸ். பிரேக்கைப் போட்டு அழுத்தி முன்சில்லுகள் பூட்டிக்கொண்டால் டயர் சறுக்கத் தொடங்கும். உராய்வு முழுவதும் பஸ் போகும் திசைக்கு எதிரே திரும்பிவிடும். பக்கவாட்டில் தருவதற்கு ஒன்றும் இருக்காது. சாரதி ஸ்டியரிங்கை எவ்வளவு வெட்டினாலும் பஸ் நேரேதான் போகும். சில்லைப் பூட்டவிடாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் பிரேக் வந்ததற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இது: நிறுத்தும்போதும் திருப்ப முடியவேண்டும்.

கால் மணித்தியாலம் பற்றி

நின்ற நேரம் பெட்டகத்துக்கு ஏதாவது செய்ததா? செய்யும். இதை முதலில் ஒழுங்காகக் கவனித்தவர்களில் ஒருவர் கூலோம். மின்னேற்ற அலகுக்குப் பெயர் தந்த அதே கூலோம்தான். அவர் இராணுவப் பொறியியலாளர். கப்பல்துறையில் மரத்தின்மேல் மரம், கயிறு, உலோகம் என்று பெரிய பாரங்களை வைத்து அளந்து, 1781 இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். மரத்தின்மேல் மரத்தை நகராமல் விட்டுவைத்தால், விட்ட நேரத்தோடு அதைக் கிளப்பத் தேவையான விசையும் கூடுவதைக் கண்டார். நகரும்போது அது குறைவு என்பதையும் பிரித்துக் காட்டினார்.

ஏன் என்பதற்கு விளக்கம் வர இருபதாம் நூற்றாண்டு ஆனது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் காட்டியது: கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற இரண்டு முகங்களும் உண்மையில் தொட்டுக்கொள்வது அங்கங்கே மேடுகளின் நுனிகளில் மட்டும். பாரம் கூடினால் நுனிகள் நசிந்து உண்மையான தொடுபரப்புக் கூடும். அமொன்தொனின் விகிதம் அங்கிருந்துதான் வருகிறது. நேரம் போகப்போகவும் அந்த நுனிகள் மெல்ல மெல்ல நசிந்து ஒட்டிக்கொள்ளும். அசைந்தவுடன் ஒட்டெல்லாம் அறுந்து, புதிய நுனிகள் ஆறுதலாகப் பிடித்துக்கொள்ள நேரமில்லாமல் வழுக்கும்.

ஆகவே எங்கள் தேத்தண்ணி நேரத்தில் பெட்டகம் முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பிடித்திருந்தது. நகர்ந்த பிறகு உள்ள 135 நியூற்றனில் அந்தக் கால் மணித்தியாலத்துக்கு ஒரு பங்கும் இல்லை. கூடியது கிளம்புவதற்கான எல்லை மட்டும். இரண்டு குணகங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி இன்னும் அகன்றது. நின்ற நேரத்தை நாங்கள் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம்.

எது போதுமாக இருந்திருக்கும்

இதற்கு விடை மூன்று எண்களிலேயே இருக்கிறது. சரிவின் விகிதம் 0.415 க்குக் கீழே இருப்பது போதாது, 0.24 க்குக் கீழே இருக்கவேண்டும். அப்போதுதான் அசைந்த பெட்டகமும் தானாக நிற்கும். 70 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அதற்கு வேண்டிய பலகை மூன்று மீற்றர். எங்களிடம் இருந்தது எட்டடி. பத்தடிப் பலகையில் விகிதம் 0.236, மட்டுமட்டு. எங்கள் அளவுகளில் இருந்த தளம்பலைப் பார்த்தால் நான் அதை நம்பமாட்டேன். பன்னிரண்டடியில் 0.195, அதில் கையை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

பலகை கிடைக்காவிட்டால் சாக்கு. பழைய சணல் சாக்கைப் பலகையில் விரித்து ஆணியடித்து அதே கட்டையைச் சோதித்தோம். 118 சென்ரிமீற்றர் வரை உயர்த்திய பிறகுதான் வழுக்கியது. நகர்த்திவிட்டாலும் 95 வரை நின்றுவிட்டது. விகிதத்தில் 0.56 உம் 0.43 உம். எட்டடிப் பலகையிலேயே அந்தச் சாக்கு இருந்திருந்தால் மச்சான் நொண்டியிருக்கமாட்டார்.

கயிறு இன்னும் எளிது. பெட்டகத்தின் பின்பக்கத்தை லொறியின் கொழுக்கியோடு கட்டியிருந்தால் மேல்நோக்கிய 172 ஐக் கயிறு ஏற்றிருக்கும். பக்கமாகத் தள்ளும்போது கீழே போவதற்கு இடமே இருந்திருக்காது. கயிறு லொறியில் சுருட்டிக் கிடந்தது. நிற்கும் பொருளுக்குக் கயிறு எதற்கு என்று எவரும் எடுக்கவில்லை. பாரம் இறக்குகிற எவரிடமும் நான் கேட்பது இதுதான்: சரிவில் ஒரு சாமானைத் திருப்பப் போகிறீர்கள் என்றால் முதலில் மேலே கட்டுங்கள். தள்ளப்போவது பக்கவாட்டில்தானே என்று விடாதீர்கள். சாமான் நேரே கீழே வரும் பாதையில் ஆளை நிறுத்தாதீர்கள்.

பெட்டகத்தை மொரட்டுவையில் ஒரு தச்சரிடம் கொண்டுபோனோம். பழைய தேக்குத் துண்டு ஒன்றைத் தேடியெடுத்து, முன்சட்டத்தைப் புதிதாகச் செய்து, மற்ற மூன்று பக்கத்தோடும் நிறம் பிடிபடும்வரை தேய்த்துக் கொடுத்தார். திரும்பி வந்த நாளில் அதே லொறி, அதே மூவர். பலகை பன்னிரண்டடி, அதன்மேல் சாக்கு, பெட்டகத்தின் பின்னால் கயிறு. வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து கேற்றடியில் நின்றார்கள்.

நடுச் சரிவில் கையை விட்டோம். நின்றது. மச்சான் இந்தமுறை பலகைக்குக் கீழே போகவில்லை, பக்கத்தில் நின்றார். நான் கீழ்முனையில் கையைக் கொடுத்து வலப்பக்கமாகத் தள்ளினேன். சாக்கில் உரசி நாலு விரல் திரும்பியது; கயிறு இறுகியது; பெட்டகம் அங்கேயே நின்றது. கயிற்றைத் தளர்த்தினோம். அப்போதும் நின்றது. மிச்சத் தூரம் முழுவதும் நானும் லொறிக்காரரும் பின்னாலிருந்து தள்ளித்தான் அதை இறக்கினோம்.